நல்ல சேவலைக் குழம்பு வைக்கிற வீட்டில் கோழி இனம் திருத்தியது

போன கிழமை, அடையாளத்துக்குக் காலில் பச்சைத்துணி கட்டிய என் பேடு அடையை விட்டு இறங்கியது. வைத்தது பன்னிரண்டு முட்டை, பின்னால் வந்தது பதினொரு குஞ்சு, மிச்சம் ஒன்று கூழ்முட்டை. ஊர்க்கோழி வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பேட்டின் அம்மம்மா ஒரு பிரவுண் முட்டைக்கோழி. முட்டை கூட வரவேண்டும் என்பதற்காக அடை கிடக்கும் குணத்தையே கம்பனிக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து எடுத்த இனம் அது. அதன் பேத்தி போன வருடம் 74 முட்டை இட்டது, ஆடி வெயிலில் மற்றவை செட்டையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில் மேய்ந்துகொண்டு திரிந்தது, இப்போது பதினொரு குஞ்சையும் கூட்டிக்கொண்டு வேலியோரம் கிளறுகிறது. இந்த மூன்றும் ஒரே கோழியில் வரவேண்டும் என்றுதான் 2022இல் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். இடையில் செய்த பிழைகள் கொப்பியில் பாதி இருக்கும், அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வளவு இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம், பின்வேலிக்கு அங்கால் காடு. நான் வீட்டில் தையல் தைப்பவள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நாள் முழுக்க வீட்டில் நிற்காத ஒருவரால் நான் செய்ததில் பாதியைச் செய்ய முடியாது.

2022க்கு முதல் என்னிடம் முப்பது பிரவுண் கோழியும், ரெஜிபோம் பெட்டியில் 40 வாட்ஸ் பல்ப் பூட்டிச் செய்த ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டியும் இருந்தன. பெட்டியில் ஊர்க்கோழி முட்டை வைத்துக் குஞ்சு விற்பேன். அந்த வருடம் பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது யாருக்கும் மறந்திருக்காது. பெட்டிக்குள் 48 முட்டை, பதினைந்தாம் நாள். சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தேன், போர்வையால் மூடினேன், இரவு இரண்டு மணிக்கு எழும்பித் தண்ணீர் மாற்றினேன். ஒன்றும் பொரிக்கவில்லை. அதே நாட்களில் கிணற்றடிப் பத்தைக்குள் களவாக அடை கிடந்த ஒரு ஊர்ப்பேடு ஒன்பது குஞ்சோடு வெளியே வந்து நின்றது. பெட்டியில் 37.5 பாகை காட்ட வேண்டும் என்று நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க, அது சும்மா படுத்திருந்தே வேலையை முடித்துவிட்டது.

தீன் விலையும் ஏற ஏற, பிரவுண் கோழிகளில் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்றேன். ஊர்க்கோழியில் ஒன்பது பேடும் ஒரு சேவலும். ஊர்ப்பேடு பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், அடை கிடக்கும், இரண்டு மாதம் குஞ்சோடு அலையும், பிறகுதான் அடுத்த முட்டை. வருடம் எண்ணினால் முப்பத்தைந்து நாற்பதைத் தாண்டாது. முட்டையும் 38, 40 கிராம்தான். பிரவுண் கோழி வருடத்தில் 300 அளவில் இடும், ஆனால் பையில் வரும் தீன் இல்லாவிட்டால் படுத்துவிடும். இரண்டையும் கலந்தால் சரி என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பிரவுண் பேடு மூன்றுக்கும் ஊர்ச்சேவலை விட்டு, முட்டையை ஊர்ப்பேட்டுக்குக் கீழே வைத்து, அந்த வருடக் கடைசிக்குள் ஏழு பேடு வளர்த்தெடுத்தேன். ஆறாம் மாதத்தில் முட்டை தொடங்கியது. 50 கிராம் முட்டை, இரண்டு நாளைக்கு ஒன்று, நான் வானத்தில் பறந்தேன். ஐந்தாறு மாதம் போனபிறகுதான் யோசித்தேன், ஏன் இதில் ஒன்றும் அடைக்குக் குறுகவில்லை? ஏழில் ஒன்றே ஒன்று ஒழுங்காகப் படுத்தது. இன்னொன்று நாலு நாள் படுத்துவிட்டு எழும்பிப் போனது, பத்து முட்டை நட்டம். சரி, இந்த ஏழையும் திரும்ப ஊர்ப்பக்கச் சேவலோடு சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

2023 வைகாசியில் வெயில் பொல்லாத வெயில். புதுக்குடியிருப்பில் ஒரு தெரிந்தவர் வீட்டுக்குத் துணி கொடுக்கப் போன இடத்தில் கழுத்தில் இறகே இல்லாத சேவல் ஒன்று நடு மத்தியானத்தில் முற்றத்தில் நின்று கிளறியது. மொட்டைக்கழுத்துக் கோழியை நான் முன்பும் கண்டிருக்கிறேன், அவலட்சணம் என்று ஒதுக்கியதுதான். இந்தக் குணம் உள்ள கோழிக்கு உடம்பிலும் இறகு குறைவு, சூடு வெளியே போக வழி இருக்கிறது என்று அந்த வீட்டு ஐயா சொன்னார். 3,500 ரூபாய் கொடுத்து அந்தச் சேவலை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெரிய பிழை இங்கேதான். பழைய சேவலைத் திங்கட்கிழமை சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். புதியது அன்றே பேடுகளோடு சேர்ந்துவிட்டது. ஆறாம் நாளிலிருந்து முட்டை எடுத்துச் சேர்த்து இரண்டு அடையில் 24 வைத்தேன். பொரித்தது 19. அதில் எட்டுக்குக் கழுத்து நிறைய மென்சிறகு! சேவலை விற்றவருக்குப் போன் எடுத்து, கலப்புச் சேவலைத் தந்துவிட்டீர்கள் என்று கொஞ்சம் சூடாகவே கதைத்துவிட்டேன். பாவம் அந்த மனிதர். பிறகு தடுப்பூசிக்கு வந்த மிருக வைத்தியர் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சேவலைப் பிரித்தாலும் அதன் விந்து பேட்டின் உடம்புக்குள் இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருக்குமாம். "தங்கச்சி, சேவல் போகும், கணக்கு உடனே முடியாது," என்றார். எட்டும் பழைய சேவலின் பிள்ளைகள். அதற்குப் பிறகு சேவல் மாற்றினால் 21 நாள் வரும் முட்டையெல்லாம் சாப்பாட்டுக்குத்தான், 22ஆம் நாளிலிருந்துதான் அடைக்கு.

சேவலில் பிழையில்லை என்று எப்படித் தெரியும் என்றால், மொட்டைக்கழுத்தில் இரண்டு விதம் இருக்கிறது. தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் அந்தக் குணம் வந்தால் கழுத்து முழுக்க வெறுமை. ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் கழுத்தின் முன்பக்கம், தீன்பைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு குஞ்சம் மாதிரி இறகு நிற்கும். என் சேவலுக்குக் குஞ்சமே இல்லை. அப்படியென்றால் அதற்குப் பிறக்கும் எல்லாவற்றுக்கும் மொட்டைக்கழுத்து வந்தே ஆகவேண்டும், குஞ்சத்தோடு. குஞ்சு பொரித்த அன்றே கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், மற்றக் குணங்களைப் போலக் காத்திருக்கத் தேவையில்லை. பின்னொரு முறை குஞ்சம் வைத்ததையும் குஞ்சம் வைத்ததையும் சேர்த்தபோது 26 குஞ்சில் 5 முழு மொட்டை, 12 குஞ்சம், 9 சாதாரணக் கழுத்து வந்தது. பெறாமகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான், நாலில் ஒன்று, பாதி, நாலில் ஒன்று என்று வரவேண்டுமே என்றான். 26 குஞ்சுக்கு அவ்வளவுதான் வரும் தம்பி என்றேன்.

அடையாளம் கட்டுவது பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் கேபிள் டை போட்டேன், நூறு உள்ள கலர்ப் பைக்கற் 350 ரூபாய். குஞ்சு வளரும், டை வளராது. ஒரு குஞ்சுக்குக் கால் வெட்டுப்பட்டு நொண்டியாகிவிட்டது, என் கவனக்குறைவுதான். பிறகு தையல் வெட்டுத்துண்டுக்கு மாறினேன். முக்கால் அங்குல அகலத்தில் பருத்தித் துணி, சின்னவிரல் நுழையும் தளர்வில் ஒரு முடிச்சு, மூன்றாம் கிழமை, எட்டாம் கிழமை, பதினாறாம் கிழமை அவிழ்த்துக் கட்டுவது. பொலியெஸ்டர் வேண்டாம், வழுக்கி அவிழும்.

துணி கட்டும் யோசனை என்னுடையது இல்லை. அம்மா தோட்டத்தில் வெண்டி, பாகல் எல்லாவற்றிலும் முதலில் வரும் நல்ல காயை விதைக்கு விட்டு ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுவார். அந்தக் காயைக் கறிக்குப் பிடுங்கினால் வீட்டில் சண்டை. கோழிக்கு மட்டும் எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, அதுவும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால், தீபாவளி வந்தால், கூட்டத்தில் எது பெரியதோ அதைத்தான் பிடிப்போம். மிஞ்சி நிற்கும் சின்னச் சேவல்தான் அடுத்த வருடக் குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பன். பேட்டிலும் அதே கதை, கைக்குப் பிடிபடுவதை விற்போம், பிடிபடாமல் மரத்தில் ஏறுவது இனம் பெருக்கும். எத்தனையோ வருடமாக எல்லோரும் சேர்ந்து சின்னக் கோழிக்கும் பயந்தாங்கொள்ளிக் கோழிக்கும் இனம் திருத்திக்கொண்டிருக்கிறோம், பிறகு ஊர்க்கோழி சிறுத்துப்போனது என்று கவலைப்படுகிறோம்.

இது எனக்குப் படிப்பாகத் தெரியவரவில்லை. 2023 தீபாவளிக்கு முதல் நாள் நான் புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போயிருந்தேன். மொட்டைக்கழுத்துச் சேவலின் பிள்ளைகளில் நான் சேவலாக வைக்கத் தெரிந்தெடுத்தது ஒன்றே ஒன்று, ஐந்து மாதத்தில் 2 கிலோ 350 கிராம், காலில் சிவப்புத்துணி. திரும்பி வரும்போது கறிவாசம் ஒழுங்கை வரை வந்தது. சாம்பல் மேட்டில் சிவப்புத்துணி கிடந்தது. இவரைக் கேட்டால், "வெண்டிக்காய்க்குக் கட்டுறது தெரியும், கோழிக்கும் கட்டுவீர் எண்டு ஆருக்குத் தெரியும்? நேத்தி வைச்சதாக்கும் எண்டெல்லோ நினைச்சன்," என்கிறார். நேர்த்தி வைத்த சேவலை மட்டும் வெட்டலாமா என்று கேட்டேன். மாமா இலையில் இருந்துகொண்டு, "பிள்ளை, கறியெண்டால் நல்ல கறி," என்றார். நானும் சாப்பிட்டேன், வேறென்ன செய்வது.

அந்தச் சேவல் போனதால் வந்த வினை அடுத்த வருடம் தெரிந்தது. மிச்சத் தம்பிச்சேவல்கள் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டவில்லை, அதனால் பழைய மொட்டைக்கழுத்தையே திரும்பவும் விட்டேன். அதாவது தகப்பனையே மகள்மாருக்கு. வேறு வழியில்லை என்று நினைத்தேன், ஒரு சேவலை இரவல் வாங்க இரண்டு வீடு தள்ளிப் போயிருக்கலாம். பன்னிரண்டு முட்டைக்கு எட்டு ஒன்பது குஞ்சு வந்த இடத்தில் ஆறு, ஐந்து. ஏழாம் நாள் இரவில் ரோச் அடித்துப் பார்த்தால் கரு பிடித்திருக்கும், ஆனால் பதினெட்டுக்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். பொரித்ததிலும் இரண்டுக்கு விரல் கோணல். அந்த வருடக் குஞ்சில் ஒன்றைக்கூட இனத்துக்கு வைக்கவில்லை.

2024இல் செய்த ஒரே நல்ல வேலை பொறிக்கூடு. எந்தக் கோழி எந்த முட்டை இட்டது என்று தெரியாமல் தெரிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுவது போல. பழைய பலகையில் மூன்று பெட்டி. வாசலில் பிணைச்சலில் தொங்கும் ஒரு பலகை, அதை உயர்த்தி ஒரு சைக்கிள் கம்பியில் தாங்க விட்டால், உள்ளே போகும் கோழியின் முதுகு கம்பியைத் தட்டும், பலகை விழும், கோழி உள்ளே. முதல் பெட்டியைப் பத்து அங்குல அகலத்தில் செய்து பழுதாக்கினேன், கோழி திரும்ப இடமில்லாமல் முட்டையை மிதித்து உடைத்தது. 12 அங்குல அகலம், 15 அங்குல ஆழம், 14 உயரம் சரியாக வந்தது. பலகையின் கீழ் விளிம்பில் பழைய ரெக்சின் துண்டு ஒட்டினேன், கோழியின் வாலில் விழுந்தாலும் நோகாது. பிணைச்சல், ஆணி எல்லாம் 900 ரூபாய். டிஜிற்றல் தராசு 2,200. கோழியைத் தராசில் நிற்க வைப்பது நடக்காத காரியம், பனையோலைக் கடகத்துக்குள் தலையை மூடி இருத்தினால் அசையாது, கடகத்தின் எடையைக் கழித்தால் போதும்.

பொறிக்கூட்டின் தொல்லை, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போய்த் திறந்துவிட வேண்டும். ஒருநாள் சாமத்தியவீட்டுக்கு அவசரமாகப் பிளவுஸ் தைத்த இருப்பில் மறந்துவிட்டேன். காலை பத்துக்குப் போன பேடு பின்னேரம் நாலரைக்குத்தான் வெளியே வந்தது. சாகவில்லை, ஆனால் ஒன்பது நாள் முட்டை இடவில்லை. அந்தக் கோபம் நியாயமானதுதான்.

முட்டைக் கணக்குக் கையில் வந்ததும் அடுத்த பிழை. எண்ணிக்கை கூடியதையும், தீன் போட்டதும் முதலில் ஓடிவந்து கையில் கொத்துவதையும் தெரிந்தெடுத்தேன். பொறிக்கூட்டில் பிடிக்க, தூக்க, நிறுக்க இலகு என்ற சோம்பல்தான். அந்தப் பேடுகள் வளர்த்த 22 குஞ்சில் ஒன்பதைப் பருந்தும் கீரியும் கொண்டுபோயின. திண்ணையில் இருந்து பார்த்தேன், பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தால் ஊர்ப்பேடு ஒரு சத்தம் போடும், குஞ்சு எல்லாம் பத்தைக்குள். என்னுடைய செல்லப்பேடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெறாமகன் அப்போது ஒரு விஷயம் சொன்னான். 1959இல் சோவியத் நாட்டில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி நரிகளை வைத்து ஒரு வேலை தொடங்கினாராம். மனிதரோடு பழகும் நரிகளை மட்டும் தெரிந்தெடுத்து இனம் பெருக்கிக்கொண்டு போக, சில தலைமுறையில் காது தொங்குவதும், வால் சுருளுவதும், உடம்பில் வெள்ளைத் திட்டு விழுவதும் வரத் தொடங்கியதாம், யாரும் அதைத் தேடித் தெரிந்தெடுக்காமலே. என் கோழிக்குக் காது தொங்கவில்லை, பயம்தான் போய்விட்டது என்றேன்.

எங்கள் காட்டோரத்தில் பயத்துக்குக் குறைவில்லாத காட்டுக்கோழி இருக்கிறது, விடியப்புறம் கூவுவதைக் கேட்டுக்கொண்டு அதையும் கலந்தால் என்ன என்று ஒருநாள் நினைத்ததுண்டு. எங்கள் நாட்டுக் காட்டுக்கோழி வேறு, வீட்டுக்கோழியின் முதல் முன்னோரான சிவப்புக் காட்டுக்கோழி வேறு, அது இங்கே காட்டில் இல்லை. அதுவும் போக, பயமே உருவான ஒன்றைப் பொறிக்கூட்டில் போட்டு நான் என்ன செய்வது. விட்டுவிட்டேன்.

அதிலிருந்து கொப்பியில் ஒரு புது நிரல் வரைந்தேன்: எட்டாம் கிழமையில் உயிரோடு நிற்கும் குஞ்சு எத்தனை. இதைவிடப் பயனான கணக்கு வேறில்லை. அடை கிடந்ததா, பொரித்ததா, கூப்பிட்டுத் தீன் காட்டியதா, பருந்துக்குக் காட்டிக் கொடுக்காமல் வைத்திருந்ததா எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும். முட்டை 60க்கு மேல் இருந்து, இந்த எண்ணும் நல்லதாக இருந்தால்தான் இனி இனத்துக்கு. 90 முட்டை இட்ட மஞ்சள்துணிப் பேட்டை அப்படித்தான் கழித்தேன், அது எட்டாம் கிழமைக்குக் கொண்டுவந்தது மூன்று குஞ்சு. மனம் வரவில்லை, மூன்று நாள் யோசித்துத்தான் விற்றேன். இதில் ஒரு எச்சரிக்கை, தீனில் நாங்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். குருணல், தவிடு, குரக்கன் எல்லாப் பேட்டுக்கும் ஒரே அளவு, கறையானும் அப்படியே. பானைக்குள் சாணியும் வைக்கோலும் நனைத்து அடைத்து இரவு புற்றில் கவிழ்த்தால் காலையில் நிறையும், அதை ஒரு தாய்க்கு மட்டும் கொட்டிவிட்டு அதன் குஞ்சு நன்றாக வளர்கிறது என்று எழுதினால் அது கோழியின் குணமில்லை.

சேவல் பிரச்சினைக்குத் தீர்வு மூன்று வீடு சேர்ந்து செய்தோம். நான், சின்னம்மா, ஒழுங்கை முடக்கில் இருக்கும் ஒரு அக்கா. அக்கா நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து குஞ்சம் வைத்த சேவல் ஒன்று வைத்திருந்தார், எங்களோடு எந்த உறவும் இல்லாதது. பேடுகள் அவரவர் வீட்டில் பிறந்து அங்கேயே நிற்கும், சேவல்கள் மட்டும் ஒவ்வொரு தைப்பொங்கலும் முடிய அடுத்த வீட்டுக்குப் போகும், எப்போதும் ஒரே திசையில். எங்கள் வீட்டில் பிறந்த சேவல் எங்கள் வீட்டுப் பேட்டோடு சேராது. 2025 தையில் முதல் சுற்று. பச்சைத்துணியின் பதினொன்றுக்கும் அக்கா வீட்டுச் சேவல்தான் தகப்பன், இரண்டு பக்கமும் குஞ்சம், அதனால்தான் எட்டு மொட்டையும் மூன்று சாதாரணமும்.

2024 ஆடி முதல் 2025 ஆனி வரை 14 பேடும் சேர்ந்து 938 முட்டை, ஒரு பேட்டுக்கு 67. முட்டை 46 கிராமில் நிற்கிறது. பதினொரு பேடு அடை கிடந்தன, மூன்று இன்னும் அம்மம்மாவின் குணத்தோடு. பெரிய இலாபம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பையில் தீன் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடம். விற்பதில்தான் ஒரு சிக்கல், மொட்டைக்கழுத்தைக் கண்டால் சந்தையில் வருத்தக்கோழி என்று விலையைக் குறைக்கிறார்கள், அதே கோழியை உரித்துக் கொடுத்தால் இறகு பிடுங்கும் வேலை குறைவு என்று சந்தோஷமாக வாங்குகிறார்கள்.

திரும்பத் தொடங்கினால் பிரவுண் கோழியை ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு பேட்டோடு நிறுத்தியிருப்பேன். அந்த இனமே நாலு வழிக் கலப்பில் செய்வது, அதன் பிள்ளைகளில் ஒன்று ஒன்றைப் போல இருக்காது, நான் அதை ஒழுங்குக்குக் கொண்டுவரவே இரண்டு வருடம் போனது. பொறிக்கூட்டை முதல் நாளே செய்திருப்பேன். தெரிந்தெடுத்த சேவலோடு எப்போதும் இன்னொன்றையும் மறைவாக வைத்திருப்பேன், இப்போது சின்னம்மா வீட்டில் நிற்கிறது ஒன்று.

சிவப்புத்துணி இப்போது கட்டுவதில்லை, சேவலுக்கு இரண்டு காலிலும் நீலம். இந்த முறை தீபாவளிக்குக் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. நேற்று இவர் கத்தியைத் தீட்டக் கொண்டுபோகும்போது தையல் மெசினடிக்கு வந்து நின்று, "இஞ்சரும், எந்தக் கலர் வெட்டலாம்?" என்று கேட்டார். துணி இல்லாதது என்றேன்.